கதைக்கு உதவி: பெங்களூரு ஒரு சிமுலேஷன் என்றால் எந்த இடத்தில் தையல் பிரியும்?

#1 அல்சூர் கதைக்காரன்

வணக்கம். ஒரு நீள்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி பெங்களூரில் ஓர் இயற்பியல் நிறுவனத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். தான் இருக்கும் உலகம் யாரோ கணினியில் ஓட்டுகிற சிமுலேஷன் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். கனவு, ஜோசியம், ஒரே காக்கை இரண்டு தடவை பறப்பது மாதிரி எதுவும் வேண்டாம். அளந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கையில் மூன்று யோசனைகள்:

அ) இரட்டைப் பிளவுச் சோதனை. இரண்டு பிளவு வழியாக அனுப்பும் எலக்ட்ரான், யாரும் பார்க்காதபோது அலையாகித் திரையில் பட்டைகள் போடும், பார்த்தால் துகள். அதாவது கேமில் காட்சி வரையப்படுவது போல, பார்க்கும்போது மட்டும் ரெண்டர் ஆகிறது.

ஆ) ஒளியின் வேகத்துக்கு உச்சவரம்பு இருப்பதற்குக் காரணம், ஓட்டுகிற கணினியின் வேகம் அவ்வளவுதான்.

இ) இன்னும் காலி. நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

இதில் எதைப் படித்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்? அந்த மெஷின் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

#2 லாட்டிஸ்காரன்

(அ)வைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். யூட்யூபில் பாதிப்பேர் இதைத்தான் ஆதாரம் என்று காட்டுகிறார்கள். கணக்கு தலைகீழ்.

ரெண்டரிங் வாதம் என்ன சொல்கிறது? பார்க்காத இடத்தில் வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று. குவாண்டத்தில் பார்க்காத இடத்தில்தான் வேலை அதிகம். அளந்து முடித்த ஒரு ஸ்பின்னை (துகளின் சுழற்சி போன்ற ஒரு குணம்) எழுதி வைக்க ஒரு பிட் போதும்: மேலே அல்லது கீழே. அளக்காத 30 ஸ்பின்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் 2³⁰ கலப்பெண்களை எழுதியாக வேண்டும். ஒன்றுக்கு 16 பைட் என்றால் 16 ஜிபி. நல்ல லேப்டாப் ஒன்று திணறிக்கொண்டே செய்துவிடும். 50 ஸ்பின் என்றால் 18 பெட்டாபைட். 300 ஸ்பின் என்றால் 2³⁰⁰, அதாவது 10⁹⁰-ஐத் தொடும். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தில் இருக்கிற அணுக்களே 10⁸⁰ சொச்சம்தான். சிக்கனம் பார்க்கிறவன் எல்லாவற்றையும் எப்போதும் அளந்தே வைத்திருப்பான். நம் உலகம் அதற்கு நேர் எதிர்.

இரண்டாவது தப்பு ‘பார்ப்பது’ என்ற சொல். 1999-இல் வியன்னாவில் ஆர்ண்ட், ஸைலிங்கர் குழுவினர் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறை வைத்தே அலைப்பட்டைகளைக் காட்டினார்கள். 2004-இல் அதே ஊரில் 70 கார்பன் மூலக்கூறை லேசரால் சூடாக்கி அனுப்பினார்கள். சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கிப்போயின. சூடான மூலக்கூறு தானாகவே ஒளித்துகள்களை உமிழ்கிறது; எந்த வழியாகப் போனது என்ற தகவல் அவற்றோடு வெளியே போய்விடுகிறது. அவற்றை யாரும் பிடிக்கவில்லை, பார்க்கவும் இல்லை. எங்கேயோ சுவரில் பட்டு மறைந்தன. மனிதக் கண்ணுக்கு இதில் வேலையே கிடையாது.

#3 ஹெச்எஸ்ஆர் இரவுப்பணி

கேம் பண்றவங்க பக்கத்துலேருந்து ஒண்ணு சேர்க்கறேன். பார்க்காத இடத்தை வரையாம விடறது வேற, கணக்குப் பண்ணாம விடறது வேற. கேமரா கூம்புக்கு வெளியே இருக்கிற முக்கோணங்களை ஜிபியூவுக்கு (படம் வரையற சிப்புக்கு) அனுப்ப மாட்டோம். ஃப்ரஸ்டம் கல்லிங்னு பேரு. ஆனா சுவத்துக்குப் பின்னாடி நிக்கிற வில்லனோட இடம், உயிர், கையில இருக்கிற துப்பாக்கி எல்லாம் மெமரியில ஓடிட்டேதான் இருக்கும்.

உலகத்தையே தேவைப்படும்போது உருவாக்கறதும் உண்டு. ஒரு விதை எண், அதுலேருந்து மலை, குகை எல்லாம் முளைக்கும். திரும்ப அதே இடத்துக்குப் போனா அதே விதை அதே குகையைக் கொடுக்கும். இது எங்கே உடையும்னா, ஒரு இடத்துல நடந்தது இன்னொரு இடத்துல தடம் விடும்போது. பக்கத்துலயே உதாரணம், கோலார் தங்கவயல். 1965ல சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழத்துல, காத்துமண்டலத்துல பிறந்த நியூட்ரினோ (எதையும் துளைச்சுட்டுப் போற நுண்துகள்) வந்து மோதினதைப் பதிவு பண்ணாங்க. அந்தப் பாறைக்குள்ள அதுவரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கல. இன்னும் மோசமானது 1987 பிப்ரவரி சூப்பர்நோவா, அதாவது வெடிச்ச விண்மீன். ஒன்றரை லட்சம் ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம் வெடிச்சது. வெளிச்சம் தெரியறதுக்குச் சில மணி நேரம் முன்னாடியே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன்னு மூணு டிடெக்டர்லயும் சேர்த்து இருபத்துச் சொச்சம் நியூட்ரினோ விழுந்திருக்கு. டேப்பை அப்புறம்தான் புரட்டிப் பார்த்தாங்க.

சோம்பேறி சிமுலேட்டர் என்ன பண்ணணும்? வெடிச்சது தெரிஞ்ச பிறகு மூணு நாட்டு டேப்லயும் பின்தேதி போட்டு எழுதணும். நேரம் ஒத்துப்போகணும், எனர்ஜி ஒத்துப்போகணும். மிச்சம் பிடிச்சதை விட ஒட்டுப்போடற செலவு ஜாஸ்தி. பொய் சொல்றவனுக்குத்தான் ஞாபகசக்தி அதிகம் வேணும்.

#4 மடிவாளா மாமு

சில்க் போர்டு சிக்னல்ல சர்வர் தொங்கிப் பல வருஷம் ஆச்சு. இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் நிறுவனம் எதுக்கு? எல்லாம் மாயைன்னு நம்மாளுங்க அப்பவே சொல்லிட்டாங்க. இழையை மூடுங்க.

#5 அல்சூர் கதைக்காரன்

(அ)வைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மெஷின் அளவு?

#6 கணக்குப்பிள்ளை

எல்லாரும் சுட்டிக்காட்டுவது மெய்யியலாளர் நிக் பாஸ்ட்ரம் சிமுலேஷன் வாதம் பற்றி 2003-இல் எழுதிய கட்டுரையை. அதில் உள்ள கணக்கையே எடுத்துக்கொள்வோம். இதுவரை வாழ்ந்த மனிதர்கள் 10,000 கோடி. ஆளுக்கு 50 ஆண்டு. ஆண்டுக்கு 3 கோடி வினாடி. ஒரு மூளைக்கு வினாடிக்கு 10¹⁴ முதல் 10¹⁷ வரை செயல்கள். எல்லாவற்றையும் பெருக்கினால் 10³³ முதல் 10³⁶ வரை என்று கட்டுரை சொல்கிறது.

நீங்களே பெருக்கிப் பாருங்கள். 10¹¹ × 50 × 3×10⁷ = 1.5×10²⁰ வினாடி. அதை 10¹⁴-ஆல் பெருக்கினால் 10³⁴ தாண்டுகிறது, 10¹⁷-ஆல் பெருக்கினால் 10³⁷ தாண்டுகிறது. பத்து மடங்கு நழுவியிருக்கிறது. வாதத்துக்கு இதனால் சேதமில்லை. அவர் மனத்தில் வைத்திருப்பது ஒரு கோள் அளவு எடையுள்ள, வினாடிக்கு 10⁴² செயல் செய்யும் கணினி. மனித வரலாறு முழுவதற்கும் அதன் ஒரு வினாடியில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும். ஆனால் கதையில் அந்த எண்ணைப் போடுகிறீர்கள் என்றால் பெருக்கிவிட்டுப் போடுங்கள்.

இப்போது நம்மிடம் இருக்கிற மெஷின். அமெரிக்காவின் ஃப்ரான்டியர் 2022-இல் வினாடிக்கு 10¹⁸ செயலைத் தாண்டியது. சுமார் 21 மெகாவாட் தின்கிறது. 10³⁷-ஐ அதில் ஓட்டினால் 30,000 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். நம்ம ஊர் ஐஐஎஸ்சியில் இருக்கிற பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப் (வினாடிக்கு 3.3×10¹⁵ செயல்), அதில் ஏறத்தாழ கோடி கோடி ஆண்டு.

மின்சாரத்துக்கும் ஓர் அடிமட்டம் உண்டு. 1961-இல் லாண்டவர் காட்டியது: ஒரு பிட்டை அழிக்க, அறை வெப்பத்தில் குறைந்தபட்சம் 2.9×10⁻²¹ ஜூல். செயலுக்கு ஒரு பிட் அழிகிறது என்று வைத்தால் 10³⁷ செயலுக்கு 800 கோடி யூனிட். எதிர்பார்த்ததைவிடக் குறைவு, இல்லையா? எனக்கும் அப்படித்தான் பட்டது. இடைஞ்சல் இயற்பியலின் அடிமட்டத்தில் இல்லை. நம் சிலிக்கான் அதிலிருந்து பல ஆயிரம் மடங்குக்கு மேல் தள்ளி நிற்பதுதான் இடைஞ்சல்.

முக்கியமாக, இது மூளைகளுக்கு மட்டுமான கணக்கு. மூளைக்குக் காட்டப்படும் கல், மண், நியூட்ரினோ எதுவும் இதில் சேரவில்லை. இரவுப்பணி சொன்ன ஒட்டுவேலைச் செலவு தனி.

#7 தர்க்கம் தங்கராசு

அந்தக் கட்டுரை ‘நாம் சிமுலேஷனில் இருக்கிறோம்’ என்று சொல்லவே இல்லை. மூன்றில் ஒன்று உண்மை என்கிறது. ஒன்று, அந்தத் திறன் வருவதற்குள் நாகரிகங்கள் அழிந்துவிடும். அல்லது திறன் வந்தவர்கள் முன்னோர் உலகங்களை ஓட்டிப் பார்க்க அக்கறைப்படுவதில்லை. அல்லது நாம் அநேகமாக உள்ளே இருக்கிறோம். மேடைகளில் மூன்றாவது மட்டும் தப்பிப் பிழைத்துவிட்டது.

‘கோடி உள்உலகம், ஒரே ஒரு வெளிஉலகம், ஆகவே கோடிக்கு ஒன்று’ என்பதிலும் ஓட்டை இருக்கிறது. 2020-இல் வானியலாளர் டேவிட் கிப்பிங் இதை பேய்ஸ் நிகழ்தகவு முறையில் போட்டார். உலகங்களைப் பெற்றுப்போட முடியும் என்ற கோட்பாட்டுக்குப் பாதி, முடியவே முடியாது என்பதற்குப் பாதி என்று ஆரம்பித்தால், உள்ளே இருப்பதற்கான வாய்ப்பு 50 சதவீதத்தை நெருங்கலாம், தாண்டாது. காரணம் எளிது. முடியாது என்ற பாதியில் நாம் நூற்றுக்கு நூறு வெளியே; முடியும் என்ற பாதியிலும் கொஞ்சம் வெளியே. சிமுலேஷன்களைக் கோடி கோடியாகக் கூட்டினாலும் ‘முடியாது’ என்ற பாதி அசையாது.

இயற்பியலாளர் ஷான் கேரல் 2016-இல் எழுப்பியது இன்னும் குடைச்சலானது. உலகத்துக்குள் உலகம் என்று அடுக்கினால் கீழே போகப்போகக் கணினித் திறன் சுருங்கும். பெரும்பாலான உயிர்கள் கடைசித் தட்டில் இருக்கும். அங்கே இருந்து மேற்கொண்டு சிமுலேஷன் செய்ய முடியாது. ஆனால் வாதமே ‘நம்மால் செய்ய முடியும்’ என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

#8 லாட்டிஸ்காரன்

(இ)க்கு வருகிறேன். நிஜமாகவே அளக்கக்கூடிய ஒரே ஒரு வழி எனக்குத் தெரிந்து இதுதான். 2012-இல் பீன், தாவூதி, சாவேஜ் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் எழுதினார்கள்.

குவார்க்குகளை (புரோட்டானுக்குள் இருக்கும் துகள்கள்) கணினியில் ஓட்ட வெளியை ஒரு கனசதுரப் பின்னலாக வெட்டுவோம். இன்றைக்குக் கண்ணி இடைவெளி 0.1 ஃபெம்டோமீட்டருக்குக் கீழே (ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர்). மொத்தப் பெட்டியே சில ஃபெம்டோமீட்டர், ஒன்றிரண்டு அணுக்கருவுக்குத்தான் இடம். நம் உலகமும் அப்படி ஒரு பின்னல்மேல் ஓடுகிறது என்று வையுங்கள். கண்ணியைவிடச் சிறிய அலைநீளம் இருக்க முடியாது. ஆகவே துகள்களுக்கு ஓர் உச்ச ஆற்றல் வரும். அதைவிடச் சுவையானது, பின்னலின் அச்சுவழி போகும் துகளும் மூலைவாட்டில் போகும் துகளும் ஒரே மாதிரி நடக்காது.

நாயகி செய்ய வேண்டியது:

முதலில் விண்வெளியிலிருந்து விழும், மிக அதிக ஆற்றல் கொண்ட காஸ்மிக் கதிர்களின் பட்டியலைத் திரட்ட வேண்டும். 10²⁰ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு ஆண்டில் ஒன்று விழும். பெங்களூரு நகரம் சுமார் 700 சதுர கிலோமீட்டர். அதாவது ஊர் முழுக்கச் சேர்த்து ஆண்டுக்கு ஏழு. ஒன்று ஜெயநகரில், ஒன்று எலஹங்காவில். அதனால்தான் அர்ஜெண்டினாவில் பியர் ஓஷே ஆய்வகத்தை 3,000 சதுர கிலோமீட்டருக்கு விரித்திருக்கிறார்கள். தரவை அங்கிருந்து வாங்கட்டும்.

உச்ச ஆற்றல் தெரிந்தாலே பிடித்துவிட்டோம் என்று குதிக்கக் கூடாது. 5×10¹⁹ எலக்ட்ரான்வோல்ட் பக்கம் ஒரு வெட்டு இயல்பாகவே வரும் என்று 1966-லேயே கணித்துவிட்டார்கள்: அந்த ஆற்றலில் புரோட்டான் விண்வெளி நுண்ணலைப் பின்னணியோடு (பெருவெடிப்பின் மிச்ச ஒளி) மோதி ஆற்றலை இழக்கும். அந்த வெட்டை வைத்துச் சொல்லக்கூடியது, பின்னல் இருந்தால் கண்ணி ஏறத்தாழ 10⁻²⁷ மீட்டரைவிடப் பெரிதாக இருக்க முடியாது என்பது மட்டும். புரோட்டானை லட்சம் கோடியாக வெட்டிய அளவு.

ஆகவே திசைதான் சாட்சி. இங்கேதான் பெரும்பாலும் தவறுவார்கள். வானத்தில் ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு என்று வந்தால் அது பின்னல் இல்லை. 8×10¹⁸-க்கு மேல் அப்படி 6.5 சதவீதச் சாய்வு இருப்பதை ஓஷே குழு 2017-இலேயே வெளியிட்டுவிட்டது. விண்மீன் மண்டலங்கள் பரவிக் கிடக்கும் விதமே அதற்குப் போதும். கனசதுரத்துக்கு எதிரெதிர்த் திசைகள் ஒரே மாதிரி, மூன்று அச்சும் ஒரே மாதிரி. வானத்தின் பரவலைக் கோள ஹார்மோனிக்கில், அதாவது எண்ணிட்ட அலைவடிவங்களாக (l = 1, 2, 3...), பிரித்தால் 1, 2, 3 எல்லாம் வெறுமையாக இருந்து முதல் துடிப்பு நான்காவதில் வர வேண்டும். நாயகியின் திரையில் l=4 மட்டும் தலைதூக்கி நிற்கிறது என்று எழுதுங்கள். படிக்கிற இயற்பியலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

கெடுக்கக்கூடியவை: நிகழ்வுகளின் எண்ணிக்கை போதாமை, வழியில் காந்தப்புலம் கதிர்களை வளைத்துவிடுவது, வருவது புரோட்டானா கனமான அணுக்கருவா என்ற சந்தேகம், கனமானது என்றால் வளைவு இன்னும் அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பக்கத்தில் இருப்பவன் கனசதுரம் அல்லாத பின்னலைப் போட்டிருந்தால் கதை முடிந்தது.

போனஸாக ஒன்று. பின்னலில் எலக்ட்ரான் போன்ற துகளை நேரடியாக வைத்தால் நான்கு பரிமாணத்தில் ஒன்றுக்குப் பதினாறு வந்து நிற்கும். நீல்சன், நினோமியா 1981-இல் காட்டியபடி, இடக்கை-வலக்கை (துகளின் சுழற்சிப் பக்கம்) வித்தியாசத்தைக் காப்பாற்றிக்கொண்டே அந்தப் பதினைந்து போலிகளை ஒழிக்க முடியாது. நம் உலகத்தில் வலுவிலா விசை இடக்கைத் துகள்களையும் வலக்கைத் துகள்களையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. தப்பிக்க ஒரு வழியை கப்லன் 1992-இல் சொன்னார்: ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சேர், இடக்கைத் துகள் ஒரு சுவரில் ஒட்டும், வலக்கைத் துகள் எதிர்ச்சுவரில். இதைக் கதையில் வைக்காமல் விட்டால் உங்கள் இஷ்டம்.

#9 ஹெச்எஸ்ஆர் இரவுப்பணி

(ஆ) பத்தி யாரும் பேசல. ஒளிவேகம் பிராசஸர் வேகம் இல்லை. அலையைக் கட்டம் கட்டமா ஓட்டும்போது ஒரு நிபந்தனை இருக்கு, 1928லேயே கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி சொன்னது: ஒரு நேரப்படியில அலை ஒரு கட்டத்துக்கு மேல தாண்டக்கூடாது. தாண்டினா பிழை ஒவ்வொரு படிக்கும் பெருகி, கொஞ்ச நேரத்துல திரை முழுக்க முடிவிலி. அதனால முதல்ல ஒளிவேகம், அதுக்கேத்த மாதிரி நேரப்படி. மெஷின் மெதுவா இருந்தா வெளியில இருக்கிறவன் காத்திருப்பான், உள்ள வேகம் மாறாது.

வேக வரம்பு இருந்தா ஒரு லாபம் உண்டு. வெளியைத் துண்டு போட்டுப் பல மெஷினுக்குக் கொடுக்கலாம், ஒவ்வொண்ணும் பக்கத்துத் துண்டோட மட்டும் பேசினாப் போதும். ஆனா பெல் சோதனை (பின்னிக் கிடக்கிற ரெண்டு துகளைத் தூரத் தூரமா வெச்சு அளந்து, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்க்கறது) அதைக் கெடுத்துடுது. 2015ல டெல்ஃப்ட்ல 1.3 கிலோமீட்டர் இடைவெளியில வெச்சு அளந்தாங்க. பக்கத்து வீட்டோட மட்டும் பேசற எந்த ஏற்பாட்டுக்கும் உச்சம் 2. வந்தது 2.42. (சோதனை பண்றவங்க தாங்களே தேர்ந்தெடுக்கறதா நினைச்ச அளவுகோலும் முன்கூட்டியே எழுதி வெச்சதுன்னா தப்பிக்கலாம். அந்தக் குழியில நான் இறங்கல.)

#10 மல்லேஸ்வரம் உமா

மாமு, ‘மாயை’யை இப்படிப் போகிற போக்கில் வீசக்கூடாது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு குடும்பம் இருக்கிறது.

அத்வைதத்தில் மாயை என்றால் உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்லமுடியாத தோற்றம். சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள். என்றும் அழியாதது, உலகத்துக்கு முதற்காரணம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரத்தில் சொன்ன மரபு இது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அப்படியே உலகத்துக்கு மாயை, சக்தி, இறைவன். உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்பொருளும், அதாவது தனு கரண புவன போகம் நான்கும், மாயையிலிருந்து வருகின்றன. மண்ணால் செய்ததால் குடம் பொய்யாகிவிடுமா?

‘முன்னோர் அப்போதே கம்ப்யூட்டரைச் சொல்லிவிட்டார்கள்’ என்று இதை யாரும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சொல்லவில்லை. நான் காட்டுவது கேள்வியின் அமைப்பை. சிமுலேஷன் என்று கேட்டவுடன் எல்லாரும் ‘அப்படியென்றால் எல்லாம் போலியா’ என்கிறார்கள். இன்றைய மெய்யியலில் டேவிட் சால்மர்ஸ் அதைத்தான் மறுக்கிறார்: சிமுலேஷனில் இருந்தாலும் மேசை மேசைதான், அது பிட்டுகளால் ஆனது என்று தெரியவருகிறது, அவ்வளவே. அணுக்களால் ஆனது என்று தெரிந்தபோது மேசை பொய்யாகிவிடவில்லையே. இது முதற்காரணம் பற்றிய கண்டுபிடிப்பு, ஏமாற்று பற்றியது இல்லை.

சித்தாந்தி அடுத்து ஒன்று கேட்பார். இதுவரை யாரும் கேட்காதது. எதற்காக? மெய்கண்டார் முதல் சூத்திரத்திலேயே காரணத்தை வைத்துவிடுகிறார்: ஒடுங்கிய உலகம் மறுபடி தோன்றுவது ‘மலத்து உளதாம்’ என்பதால். மலம் என்றால் இங்கே உயிரைப் பிணித்திருக்கும் அழுக்கு. உயிர்களின் மலம் கழிய உலகம் ஓடுகிறது. கதைக்காரரே, உங்கள் கதையில் குயவன் எதற்காகக் குடம் செய்கிறான்? அது தெரியாமல் குடம் எங்கே ஓட்டை என்று தேடுகிறீர்கள்.

#11 பசவனகுடி பாஷ்யம்

அத்வைதத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே அம்மா. விழிப்பும் கனவும் ஒன்று என்ற அளவுக்குப் போனவர் கௌடபாதர். சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யம் 2.2.29-இல் நேர் எதிராக வாதாடுகிறார்: விழிப்பு கனவைப் போன்றதன்று, ஏனென்றால் கனவு விழித்ததும் பாதிக்கப்படுகிறது (பொய் என்று தள்ளப்படுகிறது), தூணும் சுவரும் அப்படிப் பாதிக்கப்படுவதில்லை. அங்கே அவர் எதிர்ப்பது, வெளியே பொருளே இல்லை என்ற பௌத்த விஞ்ஞானவாதத்தை. ராமானுஜர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கனவில் காண்பதும் இறைவன் படைத்த உண்மைப்பொருள் என்பார். இதில் எதுவும் மாமு சொன்ன ‘எல்லாம் சும்மா’ இல்லை.

#12 மல்லேஸ்வரம் உமா

2.2.29 சரி. ஏற்றுக்கொள்கிறேன். ‘பாதிக்கப்படுதல்’ என்ற அளவுகோல் கதைக்கும் உதவும்: நாயகி கண்டுபிடித்த பிறகு எது அவளுக்கு இல்லாமல் போகிறது? ஒன்றும் போகவில்லை என்றால் அது கனவு இல்லை.

#13 தர்க்கம் தங்கராசு

மெய்யியலாளர் ஹிலரி புட்னமை விட்டுவிட்டோம். 1981-இல் சொன்னது. பிறந்ததிலிருந்து மெஷினோடு இணைத்துத் தொட்டியில் கிடக்கும் மூளை ‘புளியமரம்’ என்றால் அந்தச் சொல் எதைச் சுட்டும்? வெளியே இருக்கிற மரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. மெஷின் காட்டும் புளியமரத்தைத்தான் சுட்டும். அதே கணக்கில் அது ‘தொட்டி’ என்று சொன்னாலும் வெளித்தொட்டியைச் சுட்டாது. ஆகவே ‘நான் தொட்டியில் கிடக்கிறேன்’ என்று அது சொன்னால் பொய். ஓட்டை: நேற்று ராத்திரி தூக்கிப் போட்ட மூளைக்கு இது பொருந்தாது. அதன் சொற்கள் வெளியே கற்றவை. உங்கள் நாயகி எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். அவள் தமிழின் பொருளே அதைப் பொறுத்து மாறுகிறது.

#14 அல்சூர் கதைக்காரன்

உமா அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொரு சின்னக் கேள்வி: வெளியே இருப்பவர் நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் நாயகிக்குத் தெரியுமா?

#15 கணக்குப்பிள்ளை

தெரியாது. 1970-இல் கான்வே செய்த லைஃப் விளையாட்டைத் திறந்து (கட்டங்கள் விதிப்படி தலைமுறை தலைமுறையாகப் பிறந்து சாகும் பலகை) கிளைடர் என்ற நகரும் வடிவம் ஒன்றைப் போடுங்கள். ஐந்து கட்டம். நான்கு தலைமுறைக்கு ஒருமுறை மூலைவாட்டில் ஒரு கட்டம் நகரும். நீங்கள் ஒரு வாரம் நிறுத்தி வைத்தாலும் அதற்கு அடுத்த தலைமுறை அடுத்த தலைமுறைதான்.

1984-இல் காஸ்பர் ஒரு வழிமுறை கொண்டுவந்தார், ஹாஷ்லைஃப் என்று பேர். ஒரே மாதிரித் துண்டு எங்கே வந்தாலும் பழைய விடையை எடுத்து ஒட்டிவிடும். பலகையின் ஒரு மூலை இப்போது கோடியாவது தலைமுறையில் இருக்கும், எதிர் மூலை ஆயிரத்தில் இருக்கும். கணக்கு கடைசியில் சரியாக ஒத்துப்போகும். உள்ளே வாழ்கிறவர்களுக்கு ‘இப்போது’ என்பது ஓட்டுகிறவரின் ‘இப்போது’ இல்லவே இல்லை.

#16 எலக்ட்ரானிக் சிட்டி சாலைக்கணக்கு

உமா மேடம் கேட்ட ‘எதற்காக’வுக்கு ஒரு பதில் என்னிடம் உண்டு. இவ்வகைக் கதையின் மூலவர்களில் ஒருவரான டேனியல் கலூய் 1964-இலேயே அதைத் தொட்டார். அவருடைய நாவலில் முழு நகரத்தையும் மெஷினில் ஓட்டுவது தத்துவத்துக்காக இல்லை, சந்தை ஆய்வுக்கு. வீடு வீடாகக் கருத்துக்கணிப்பு எடுக்கிற செலவை மிச்சம் பிடிக்க. இன்றும் நகரங்களை மெஷினில் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் போக்குவரத்துக்காரர்கள்தான்.

எதற்காக ஓட்டுகிறோமோ அதற்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் வெட்டுவோம். எங்களுக்குக் குவார்க் வேண்டாம், மூளையும் வேண்டாம். ஆகவே தையல் பிரிகிற இடம் காஸ்மிக் கதிரில் இருக்காது, சாலையில் இருக்கும். பாஸ்ட்ரமின் இரண்டாவது கிளைக்கும் இதுதான் பதில் என்று நினைக்கிறேன்: வேலை நடக்க மனம் தேவையில்லை என்றால் யார் மனத்துக்குச் செலவு செய்வார்கள்?

சூரிச்சிலும் பெர்லினிலும் வளர்ந்த மேட்சிம் என்ற கட்டற்ற மென்பொருளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முழு மக்கள்தொகையை ஓட்டுவது அபூர்வம். பத்தில் ஒருவர், சிலசமயம் நூற்றில் ஒருவர். அதற்கேற்ப ஒவ்வொரு சாலையின் கொள்ளளவையும் பத்தில் ஒன்றாக்குவோம். நெரிசல் அப்படியே இருக்கும், ஆள்தான் இருக்க மாட்டார். என்ன கெடும்? சின்னச் சந்துகளில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு வண்டி நிற்கவே இடமில்லாமல் போய், ஊரே பூட்டிக்கொள்ளும். அதனால் சாலையில் வண்டி நிற்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுவோம்.

இரண்டு, ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவோம். நூறு, இருநூறு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வேறு நேரத்தில் கிளம்பிப் பார்ப்பார், வேறு வழியில் போய்ப் பார்ப்பார். ராத்திரி ஒவ்வொருவர் நாளுக்கும் மதிப்பெண். ஆளுக்கு ஐந்து திட்டம்தான் ஞாபகம் இருக்கும். ஆறாவது வந்தால் மட்டமானது அழிக்கப்படும். யார் மாற்றினாலும் இனி லாபமில்லை என்ற நிலை வந்ததும் நிறுத்திவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் அறிக்கையில் போடுவோம்.

மூன்று, ஜெர்மன் விண்வெளி மையத்தின் சூமோ என்ற போக்குவரத்து மென்பொருள் (டாடா சுமோ இல்லை). அதில் சந்திப்புகளில் வண்டிகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு முட்டுக்கட்டையாக நின்றுவிடும். நிஜத்தில் ஒருவர் இறங்கிக் கத்திப் பின்னால் எடுக்கச் சொல்வார். மாடலில் யாரும் இறங்க மாட்டார்கள். ஆகவே அமைப்பை மாற்றாமல் விட்டால், 300 வினாடி அசையாமல் நின்ற வண்டியை மென்பொருளே தூக்கிவிடும்.

#17 மடிவாளா மாமு

அப்போ சில்க் போர்டு சிமுலேஷன் இல்லைன்னு நிரூபணம் ஆயிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல அங்கே எவனையும் யாரும் தூக்கினதில்லை.

#18 அல்சூர் கதைக்காரன்

மாமு, நீங்கள் இப்போது சொன்னதுதான் கதை. நாயகியை இயற்பியல் நிறுவனத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை. சிக்னலில் நிற்கிறாள். முன்னால் நிற்கிற வெள்ளை வேன் ஐந்தாவது நிமிடம் இல்லாமல் போகிறது. அவளுக்கு இந்தச் செவ்வாய் ஐந்து விதமாக ஞாபகம் இருக்கிறது. இரவுப்பணி, சாலைக்கணக்கு இருவருக்கும் நன்றி. வேன் மறைந்துவிட்டது என்றே எழுதலாம்தானே?

#19 எலக்ட்ரானிக் சிட்டி சாலைக்கணக்கு

மறைந்தது என்று எழுதாதீர்கள், தப்பு. சூமோ வண்டியை அழிப்பதில்லை. அது போகவேண்டிய பாதையிலேயே அடுத்து எந்தச் சாலையில் இடம் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்கும். அதுவரை வண்டி எந்தச் சாலையிலும் இருக்காது, ஆனால் பயண நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுநருக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் கொஞ்சம் கூடியிருக்கும், நடுவில் சாலையைப் பார்த்த ஞாபகம் இருக்காது. வெளியே இருப்பவருக்குத் திரையில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் ஓடும்: வண்டியின் எண், நீண்ட நேரம் காத்திருந்தது, காரணம் நெரிசல், எந்தத் தடம், எத்தனையாவது வினாடி. ஒரு ஓட்டத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கில் வந்தால்தான் வலைப்பின்னலில் ஏதோ தப்பு என்று திறந்து பார்ப்போம். பத்திருபது என்றால் படிக்காமல் தள்ளிவிடுவோம்.